ரிவர்ஸ் விழாத படகு

காரைக்காலில் அரசலாறு கடலோடு சேர்கிறது. அங்கே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. விடியும் நேரம். கடலுக்குப் போன ஒரு விசைப்படகு கரை திரும்புகிறது. படகுத்துறையில் நெரிசல். இரண்டு படகுகளுக்கு நடுவே நுழைய வேண்டும்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ரிவர்ஸ் கியர் போட்டார். படகு நிற்கவில்லை. முன்னாலேயே போனது.

"மாமா, ரிவர்ஸ் விழலையா?" என்று அணியத்தில் நின்ற இளைஞன் கத்தினான்.

"விழலடா! நங்கூரத்தைப் போடு. டயரைத் தொங்கவிடு. காலை வெளியே நீட்டாதே!"

நங்கூரம் மண்ணில் பிடித்தது. படகு மெல்ல வந்து டயரில் மோதி நின்றது. ஒரு பலகை விரிந்தது. யாருக்கும் அடியில்லை. படகைக் காலால் தடுக்க யாராவது முயன்றிருந்தால் கால் நசுங்கிப் போயிருக்கும். எத்தனை டன் எடையை ஒரு கால் தடுக்கும்?

கரையில் நின்ற ஒருவர் உடனே தீர்ப்புச் சொன்னார். "கியர் பெட்டி போச்சு. கழற்ற வேண்டியதுதான்."

படகுக்காரரின் முகம் வாடியது. பெட்டியைக் கழற்றினால் பெரும் செலவு. வேலை முடியும்வரை படகு கரையில் கிடக்கும். அத்தனை பேருக்கும் பிழைப்பு நின்றுபோகும்.

டிரைவர் மட்டும் பதறவில்லை. "பெட்டியைத் திறக்கும் முன்னே வெளியே பார்ப்போம்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஏன் என்று பார்ப்போம்.

ரிவர்ஸ்தான் படகின் பிரேக்

லாரிக்குப் பிரேக் உண்டு. படகுக்குக் கிடையாது. விசிறியை எதிர்ப்பக்கம் சுற்றவைத்துத்தான் படகை நிறுத்துகிறோம். ரிவர்ஸ் இல்லாத படகு பிரேக் இல்லாத லாரி மாதிரி.

எஞ்சின் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். அதைத் திருப்பிவிடுவது கியர் பெட்டியின் வேலை. பெட்டிக்குள் இரண்டு அடுக்குத் தட்டுகள் உண்டு. ஓர் அடுக்கு முன்னால் போக, மற்றொன்று பின்னால் போக. பெரும்பாலான விசைப்படகுகளில் எண்ணெயின் அழுத்தம் இந்தத் தட்டுகளை நெருக்குகிறது. தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்ததும் தண்டு சுற்றுகிறது. தண்டின் முனையில் உள்ள விசிறியும் சுற்றுகிறது.

ஆகவே, கைப்பிடி, கேபிள், எண்ணெய், தட்டு, தண்டு, விசிறி எல்லாம் ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் ரிவர்ஸ் கிடைக்காது. தட்டு மட்டும்தான் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியது. மற்றவற்றை வெளியிலிருந்தே சோதிக்கலாம்.

முதலில்: தண்டு சுற்றுகிறதா?

படகை முன்னும் பின்னும் வலுவான கயிற்றால் கட்டுங்கள். தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது. எஞ்சின் மெதுவாக ஓடட்டும். ஒருவர் ரிவர்ஸ் போடட்டும். இன்னொருவர் தள்ளி நின்று தண்டைப் பார்க்கட்டும். லுங்கியை மடித்து இறுகக் கட்டுங்கள். தோளில் துண்டு வேண்டாம். சுற்றும் தண்டு துணியைப் பிடித்தால் ஆளையும் இழுத்துவிடும்.

தண்டு பின்பக்கமாகச் சுற்றுகிறது, ஆனால் படகு கயிற்றை இழுக்கவில்லை. அப்படியானால் கியர் பெட்டி வேலை செய்கிறது. குற்றம் விசிறியில். வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம். இதழ் உடைந்திருக்கலாம். விசிறியைத் தண்டில் பிடித்திருக்கும் சாவி தேய்ந்திருக்கலாம்.

கியர் பெட்டியின் இணைப்பு சுற்றுகிறது, தண்டு சுற்றவில்லை. இதுதான் ஆபத்தான நிலை. உடனே எஞ்சினை நிறுத்துங்கள். முன்னால் போகும்போது விசிறி தண்டைப் படகுக்குள் தள்ளும். ரிவர்ஸில் அதே விசிறி தண்டை வெளியே இழுக்கும். இணைப்பின் போல்ட்டும் சாவியும் தளர்ந்திருந்தால் தண்டு பின்னால் நழுவும். முழுதும் வெளியே போனால் அந்தத் துளை வழியாகக் கடல் உள்ளே வரும். படகு மூழ்கும். இந்தப் படகைச் சரிசெய்யாமல் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

இணைப்பும் சுற்றவில்லை, தண்டும் சுற்றவில்லை. அப்படியானால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

இரண்டாவது: கேபிள்

எஞ்சினை நிறுத்துங்கள். ஒருவர் மேலே கைப்பிடியை ரிவர்ஸுக்குக் கொண்டு போகட்டும். இன்னொருவர் கீழே கியர் பெட்டியின் மேல் உள்ள சிறிய கையைப் பார்க்கட்டும். முன்பக்கம் எவ்வளவு நகர்கிறதோ, பின்பக்கமும் அதன் இடம்வரை முழுதாக நகர வேண்டும். பாதியில் நின்றால் ரிவர்ஸ் விழாது. அரைகுறையாக விழுந்தால் தட்டுகள் வழுக்கித் தேயும்.

உப்புக் காற்றில் கேபிள் துருப்பிடிக்கும். ஊசி கழன்று விழும். கேபிளைப் பிடித்திருக்கும் தகட்டின் போல்ட் அதிர்வில் தளரும்.

காரைக்கால் படகில் நடந்தது இதுதான். தகட்டில் இரண்டு போல்ட்டுகள். ஒன்று விழுந்திருந்தது. மற்றொன்று தளர்ந்திருந்தது. கைப்பிடியை இழுத்தபோது தகடுதான் ஆடியது. கியர் பெட்டியின் கை பாதிவரைதான் வந்தது. புதுப் போல்ட் போட்டு இறுக்கினார்கள். படகைக் கட்டிவைத்து ரிவர்ஸ் போட்டார்கள். கயிறு விறைத்து நின்றது.

"பெட்டியைக் கழற்றியிருந்தா?" என்றான் இளைஞன்.

"நல்ல பெட்டியைக் கழற்றி, நல்ல பெட்டியையே மாட்டியிருப்போம்" என்றார் டிரைவர்.

மூன்றாவது: எண்ணெய்

எல்லாப் படகிலும் குற்றம் இப்படி எளிதாகத் தெரியாது. கேபிள் சரியாக இருந்தால் எண்ணெயைப் பாருங்கள். கியர் பெட்டியின் அளவுக்கோலை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பதா, ஓடும்போது பார்ப்பதா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். கையேட்டில் எழுதியிருக்கும். எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். கிடைத்ததை ஊற்றாதீர்கள்.

எண்ணெய் நம்மோடு பேசும்.

அளவு குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது.

பால் போல வெளுத்திருந்தால், தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ஓட்டையாகியிருக்கலாம். அந்த எண்ணெயோடு ஓட்டாதீர்கள்.

கறுத்துக் கருகிய வாடை வந்தால், தட்டுகள் வழுக்கித் தீய்ந்திருக்கின்றன.

உலோகத் துண்டுகள் தெரிந்தால், உள்ளே பல்லோ பேரிங்கோ உடைகிறது.

நான்காவது: அழுத்தம்

அழுத்தம் காட்டும் மீட்டர் இருந்தால் முன் கியரிலும் ரிவர்ஸிலும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிலும் குறைவா? பம்பையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். ரிவர்ஸில் மட்டும் குறைவா? ரிவர்ஸ் பக்கத்துச் சீல் கசியலாம். அழுத்தம் சரியாக இருந்தும் ரிவர்ஸ் வழுக்குகிறதா? தட்டுகள் தேய்ந்திருக்கலாம்.

இதற்குமேல் நாம் கை வைக்க வேண்டாம். பெட்டியைத் திறப்பது தெரிந்த மெக்கானிக்கின் வேலை. ஆனால் நீங்கள் பார்த்ததை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள். குற்றத்தைத் தேடும் நேரம் குறையும். கூலியும் குறையும்.

நடுக்கடலில் ரிவர்ஸ் போனால்

முன் கியர் நன்றாக இருந்து, தண்டும் நழுவாமல் இருந்தால், மெதுவாகக் கரை திரும்பலாம். துறைமுகத்துக்கு வெளியிலேயே மற்றப் படகுகளுக்குச் சொல்லிவிடுங்கள். நங்கூரத்தையும் டயரையும் தயாராக வையுங்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக வாருங்கள். அவை படகின் வேகத்தைக் குறைக்கும். துறைக்கு வெகு முன்னாலேயே நியூட்ரல் போடுங்கள். நெரிசலாக இருந்தால் இன்னொரு படகைக் கட்டி இழுக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் வி.எச்.எப். ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். இந்தியக் கடலோரக் காவல் படையின் தொலைபேசி எண் 1554.

ரிவர்ஸ் கெடாமல் இருக்க

வேகமாகப் போகும்போது சட்டென்று ரிவர்ஸ் போடாதீர்கள். முதலில் வேகத்தைக் குறையுங்கள். நியூட்ரலில் சில நொடி நிறுத்துங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். இந்தச் சில நொடிகள்தான் தட்டுகளின் ஆயுள்.

துறையை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கட்டியிருக்கும்போது தெரியும் குற்றம் கையைக் கடிக்காது.

ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகு கரையேறும் அந்த நாட்களில் விசிறியின் நட்டு, சாவி, இணைப்பின் போல்ட், கேபிள் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

படகில் ஒரு நோட்டு வையுங்கள். நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். இப்படி எழுதலாம்:

தேதி:
எஞ்சின் ஓடிய மணி:
கியர் எண்ணெய் மாற்றியது:
கேபிள் பார்த்தது:
ரிவர்ஸ் அழுத்தம்:
என்ன குற்றம், என்ன செய்தோம்:

காரைக்கால் படகில் இப்போது அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அதில் எழுதுபவன் அந்த இளைஞன். முதல் பக்கத்தில் அவன் எழுதியது இதுதான்: "கேபிள் தகடு. போல்ட் 2. மாதம் ஒருமுறை இறுக்க வேண்டும்."

உங்கள் படகின் நோட்டில் முதல் வரியை யார் எழுதப் போகிறார்கள்?