ஜஹாய் என்று நினைத்த மொழி ஜெடெக்

கிரிக்கிலிருந்து கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை வழியாகக் கிளந்தான் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் ஜெலியைக் கடந்திருப்பீர்கள். அந்த வட்டாரத்தில் சுங்கை ருவால் என்ற ஓராங் அஸ்லி குடியிருப்பு இருக்கிறது. மானிடவியல் ஆய்வாளர்கள் ஏற்கெனவே போய் வந்த இடம்தான். ஆனாலும் அங்கே பேசப்பட்ட ஒரு மொழி அறியப்படாமலே இருந்தது.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் நிக்லாஸ் பூரென்ஹுல்ட், ஜோஆன் யேகர் இருவரும் ஜஹாய் மொழியைப் பதிவு செய்யவே அங்கு போனார்கள். கிராமத்தில் பலருடைய பேச்சு ஜஹாயில் அடங்கவில்லை. சொற்கள், ஒலிகள், இலக்கண அமைப்புகள் வேறாக இருந்தன. சில சொற்களோ தீபகற்பத்தில் தொலைவில் பேசப்படும் மற்ற அஸ்லி மொழிகளை நினைவூட்டின.

ஊருக்கு ஊர் பேச்சு மாறுவது இயல்புதானே என்று நீங்கள் கேட்கலாம். கை, கால், நீர், தீ போன்ற அடிப்படைச் சொற்களைக் கொண்டு மொழியியலாளர்கள் இதைச் சோதிப்பார்கள். இவற்றை ஒரு மொழி மற்றொன்றிடம் எளிதில் கடன் வாங்குவதில்லை. ஒலியையும் இலக்கணத்தையும் சேர்த்து ஒப்பிட்டபின், இது தனிமொழி என்று 2017இல் அவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். மொழியின் பெயர் ஜெடெக். பேசுவோர் சுமார் 280 பேர். மலாய்மொழியின் குடும்பமல்ல இது. கம்போடியாவின் கெமரும் இந்தியாவின் சந்தாலியும் இதற்குத் தூரத்துச் சொந்தம்.

இம்மக்கள் பெர்காவ் ஆற்றின் நடுப்பகுதியை ஒட்டி, காட்டில் உணவு தேடி இடம்மாறி வாழ்ந்தவர்கள். 1970களில் மீள்குடியேற்றத்தால் ஜஹாய் பேசுவோருடன் ஓரிடத்தில் சேர்ந்தார்கள். வெளியாருக்கு எல்லாரும் ஒரே கூட்டமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அந்தப் பழைய வாழ்க்கையின் சுவடு சொற்களில் இருக்கிறது. வாங்கு, விற்பனை செய், இரவல் கேள், திருடு என்பவற்றுக்கு ஜெடெக்கில் சொந்த வினைச்சொற்கள் இல்லை. பகிர்வதற்கும் பரிமாறிக்கொள்வதற்கும் மட்டும் சொல்வளம் மிகுதி. இதை வைத்து அங்கே திருட்டே கிடையாது என்று முடிவுகட்டுவது அவசரம்; ஒரு சொல் இல்லாததால் ஒரு செயல் இல்லாமல் போய்விடாது. ஆனால் உடைமை சேர்க்காமல் நகர்ந்துகொண்டே இருந்தவர்கள் எதைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருந்தது என்பதை ஊகிக்கலாம்.

இன்று பள்ளிக்கூடத்தில் மலாய், பக்கத்து வீட்டில் ஜஹாய். ஜெடெக் என்று தனியே பதியாதிருந்தால், கடைசி ஆள் பேச்சை நிறுத்திய பிறகும் கணக்கேட்டில் எதுவும் குறைந்திருக்காது.