குடலால் மூச்சு விடும் கெளுத்தி

டிரினிடாட் தீவில் கஸ்கடூ கறி பரிமாறினால், சாப்பிட்டு முடிக்கும்போது தட்டோரத்தில் எலும்பு ஓடுகள் குவிந்திருக்கும். தேங்காய்ப்பாலும் மசாலாவும் கொதிக்கும் சட்டியில் மீனை ஓட்டோடுதான் போடுவார்கள். வெந்த பிறகு கையால் உரித்துக்கொள்ள வேண்டியதுதான். கஸ்கடூ தின்றவர் எந்த நாட்டுக்குப் போனாலும் கடைசிக் காலத்தில் டிரினிடாட் வந்து சேருவார் என்பது அங்கே நம்பிக்கை. இதையே தலைப்பாக்கி 1972இல் நாவல் எழுதினார் சாமுவேல் செல்வன். அவருடைய தந்தை சென்னையிலிருந்து போனவர். லண்டனிலும் கனடாவிலும் வாழ்ந்த செல்வன், 1994இல் ஊருக்கு வந்திருந்தபோது டிரினிடாட் விமான நிலையத்தில் இறந்தார். தற்செயல்தான். ஆனால் கஸ்கடூ பிரியர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

கயானாவில் ஹஸ்ஸார், சுரினாமில் க்விக்வி என்று அழைக்கப்படும் இந்த மீனுக்கு 1828இல் ஜான் ஹான்காக் அறிவியல் பெயர் கொடுத்தார். இன்று ஹாப்லோஸ்டெர்னம் லிட்டோரேல் என்கிறார்கள். சாண் நீளம்தான் இருக்கும். கெளுத்திகளுக்குச் செதில் கிடையாது, இதற்கும் இல்லை. பதிலாக, உடலின் இரு பக்கமும் இரண்டிரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

இந்தக் கவசத்தைவிட வியப்பானது உள்ளே இருக்கும் குடல். தென் அமெரிக்காவின் சதுப்புகளிலும் வெள்ளக்காட்டுக் குட்டைகளிலும் இலைதழை அழுகி, தண்ணீரில் ஆக்சிஜன் அற்றுப்போகும். செவுளை மட்டும் நம்பிய மீன் அங்கே செத்து மிதக்கும். கஸ்கடூ விருட்டென்று மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அடிக்குப் போய்விடும். அந்தக் காற்று இரைப்பையைத் தாண்டிக் குடலின் பின்பகுதிக்குப் போகிறது. அங்கே சுவர் மெல்லியது. நுண்ணிய இரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. அவை ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ள, மிச்சக் காற்று பின்வழியாகக் குமிழியாக வெளியேறுகிறது. செரிமானம் குடலின் முன்பகுதியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கனத்த கவசத்தைச் சுமக்கும் இந்தக் குடும்பத்து மீன்களுக்குக் குடலில் தங்கும் காற்று மிதவையாகவும் உதவுகிறது.

தாய்க்குக் குடலில் காற்று இருக்கிறது, முட்டைக்கு? அதற்கு வழி செய்வது அப்பன். மழைக்காலம் தொடங்கிப் புல்வெளிகளில் வெள்ளம் ஏறியதும் ஆண் மீன் நுரையை உண்டாக்கி, புல்லையும் இலையையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு அடி அகலத்துக்கு மிதக்கும் கூடு கட்டுகிறது. பெண் மீன்கள் வந்து முட்டையிட்டுப் போய்விடும். மூச்சு முட்டும் தண்ணீருக்குள் அமிழாமல், காற்றை ஒட்டியே முட்டைகள் பொரிகின்றன. அதுவரை ஆண்தான் காவல். அந்தப் பருவத்தில் அதன் மார்புத் துடுப்பு முள் தடித்துச் சிவந்து, நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். கூட்டருகே எது வந்தாலும் பாயும். கையை வைத்தால்கூடப் பாயும். கயானா மீனவர்கள் அப்படியே அதைப் பிடித்துவிடுவார்கள். பிள்ளைப் பாசத்துக்கு இப்படியொரு விலை!

எந்த அழுக்கு நீரிலும் பிழைக்கும் மீன் வேற்றூரில் சும்மா இருக்குமா? 1995இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தென்பட்டது. இன்று அந்த மாநிலத்தின் நடுவிலும் தெற்கிலும் கால்வாய், வடிகால், ஏரி என்று பரவிவிட்டது. அங்கே குடியேறிய டிரினிடாட், கயானாக்காரர்கள் வீச்சுவலையோடு கால்வாய்க் கரைக்குப் போகிறார்கள். இத்தனை பேர் பிடித்தும் அது குறைந்தபாடில்லை.