வயிற்றுவலி என்று எழுதிய காலம்

எங்கள் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் தற்கொலை நடந்துவிட்டால் முன்பெல்லாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "தீராத வயிற்றுவலி." வீட்டார் அப்படிச் சொல்வார்கள், போலீஸ் அப்படி எழுதும், மறுநாள் பேப்பரிலும் அப்படியே வரும். கடன், வரதட்சணை, பரீட்சை, மனநோய் எல்லாம் அந்த வலிக்குள் அடங்கிவிடும். வளவு நிறையப் பங்காளிகள் இருந்த வீடுகளில்தான் "வெளியே தெரியக் கூடாது" என்ற பயமும் அதிகம். உயிர் பிழைத்தவர் பாடு இன்னும் மோசம். 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அவரைக் குற்றவாளியாக்கி, ஓராண்டு வரை சிறை என்றது.

மருத்துவம் என்ன சொன்னது? 1838-இல் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் தற்கொலையைப் பெரும்பாலும் சித்தக் கோளாறின் விளைவாகவே பார்த்தார். 1879-இல் இத்தாலிய மருத்துவர் மோர்செல்லி பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துவைத்துச் சமூகத்தின் பக்கம் கைகாட்டினார். 1897-இல் சமூகவியலாளர் எமில் துர்க்கெய்ம், மனிதர்களைச் சேர்த்துக்கட்டும் உறவு தளர்ந்தால் உயிர்கள் போகும் என்றார்.

நமக்கு மதுரைதான் பெரியாஸ்பத்திரி. இன்று இராஜாஜி மருத்துவமனை எனப்படும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், தற்கொலைக்கு முயன்று சேர்க்கப்பட்ட 114 பேரைப் பற்றி மனநல மருத்துவர் ஏ. வெங்கோபா ராவ் 1965-இல் ஆய்வு எழுதினார். சட்டம் குற்றவாளி என்று சொன்னவர்களை நோயாளிகளாகப் பார்த்து எழுதியதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சிநேகாவைத் தொடங்கினார். துயரப்படுபவர் பேச, இன்னொருவர் பொறுமையாகக் கேட்கும் இடம் அது.

மருந்து தொடாத இடத்தைச் சமூகம் தொட முடியும் என்பதற்குப் பிளஸ் டூ துணைத் தேர்வு சாட்சி. தவறிய பாடத்தைச் சில வாரங்களில் எழுதி, அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். "ஒரு வருஷம் போச்சே" என்று பிள்ளைகள் உடைந்துபோன காலம் மாறியது.

2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் அந்த 309-ஆம் பிரிவே இல்லை.

ஆனால் "வயிற்றுவலி" இன்னும் பேப்பரில் வருகிறது. உங்கள் வீட்டில் யாராவது பேச்சைக் குறைத்து ஒதுங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் 14416, 104, அல்லது சிநேகாவின் 044-24640050 எண்ணுக்குப் பேசுங்கள்.