சோலைக்கிளியின் வழக்கு

கொல்லிமலையின் தேவனூர் நாட்டாருக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் காற்று மாறுகிறது, பயிர் மாறுகிறது, பட்சிகளின் குரலும் மாறுகிறது. சுற்றிலும் சமவெளியின் வெப்பம் கடல்போற் பரந்திருக்க, சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அம்மலை ஒரு தீவாக நிற்கிறது. மலையைத் தீவென்பது வெறும் அலங்காரமன்று. பிராணி சாஸ்திரிகள் ஒப்பிய உண்மை. அதற்குச் சாட்சியாக, கொல்லிமலைக்கு மேற்கே, இன்னும் உயர்ந்த மலைகளில் மட்டும் வாழும் ஒரு பாடும் பறவையை நேயர்கள்முன் நிறுத்துகிறோம்.

சோலைக்கிளி என்பது அதன் பெயர். பச்சைக்கிளிக்கும் இதற்கும் உறவில்லை. மலையாளத்தில் கிளி என்பது பறவைக்குப் பொதுப் பெயர். இது ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. சிட்டுக்குருவியின் அளவு, கருநீல மேனி, கண்ணுக்கு மேலே வெளிறிய கீற்று. உயர்ந்த மலைகளின் புல்வெளிகளுக்கு நடுவே, நீரோடும் மடிப்புகளில் அடர்ந்து வளரும் குட்டை மரக்காட்டையே சோலை என்கிறோம். அதன் நிழலில், புதர்களின் அடியில், இப்பறவை பூச்சிகளைப் பொறுக்கித் தின்கிறது. மரப்பொந்திலோ மண்கரைப் பொந்திலோ பாசியால் கூடமைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடுகிறது. இதன் இனிய பாட்டைக் கேட்பது எளிது. இதைக் கண்ணாற் காண்பது அரிது.

19-ஆம் நூற்றாண்டில் டி. ஸி. ஜெர்டான் நீலகிரிப் பறவையைச் சாஸ்திர உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பின்வந்தோர் அதை ஒரு சமயம் இந்த இனத்திலும், மறு சமயம் அந்த இனத்திலும் சேர்த்து வந்தனர். 2017-ல் வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர் மரபணுச் சோதனையால் இவ்வழக்கைத் தீர்த்தார்கள். இப்பறவைகள் வேறெங்கும் காணப்படாத தனிப் பேரினம் என்று நிலைநாட்டி, அதற்கு ‘ஷோலிகோலா’ என்று பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பதே அதன் பொருள். நம் மலை மக்களின் சொல் ஒன்று உலக சாஸ்திரத்தின் ஏட்டில் ஏறியிருப்பது தமிழருக்குப் பெருமையல்லவா?

இப்பேரினத்தில் மூன்று இனங்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று. தெற்கே ஆனைமலை, பழனிமலை முதலிய இடங்களில் ஒன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அசம்பு மலைகளில் மற்றொன்று. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டரே. ஆயினும் குளிர்ந்த சோலையை விட்டு வெயில் காயும் தாழ்நிலத்தைக் கடக்க இச்சிறு பறவை துணிவதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்தமையால் ஓர் இனம் மூன்றாயிற்று.

கணவாய் செய்த வேலையை இப்போது கோடரி செய்கிறது. காடழிப்பினால் அண்மைக் காலத்தில் துண்டுபட்ட கூட்டங்களின் பாட்டிலும் வேறுபாடு தோன்றியிருப்பதாக 2016-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. அண்டையிலுள்ள சோலைக்குச் செல்ல வழியற்றுப் போன பறவைகள் தத்தம் துண்டு நிலத்திலேயே சிறைப்பட்டிருக்கின்றன. நீலகிரி இனம் அழிவின் விளிம்பை நெருங்கும் பட்டியலில் இடம்பெற்று விட்டது.

இதற்கு யார் பொறுப்பு? தேயிலையும் தைலமரமும் சீகைமரமும் ஆங்கிலேயர் காலத்தில் மலையேறின என்பது மெய். ஆனால் பழி முழுவதையும் அவர்கள்மீது சுமத்துவது நியாயமாகாது. சுதந்திரத்திற்குப் பின்னரும், ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டுமென்று அம்மரங்கள் மேலும் பெருக்கப்பட்டன. பழனிமலையில் 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் மட்டும் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது.

“எந்த மரமானால் என்ன, பச்சையாக இருந்தால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். போதாது. வரிசை வரிசையாக நட்ட தைலமரத் தோப்பில் சோலையின் ஈரமும் புதரும் இல்லை. ஆகவே இப்பறவைக்கு உணவுமில்லை, ஒளிவிடமுமில்லை. “ஒரு குருவிக்காக மனிதன் வாழ்வை விடுவதா?” என்பாரும் உண்டு. சோலையும் புல்வெளியும் மழையை வாங்கி மெல்ல மெல்ல விடுவதாலேயே பவானியும் தாமிரபருணியும் கோடையிலும் கழனிகளை நனைக்கின்றன. குருவியின் வீடும் குடியானவனின் நீரும் வேறல்ல.

சோலைக்கிளி கொல்லிமலையில் இல்லை. ஆனால் அதன் வழக்கில் பிறந்த தீர்ப்பு கொல்லிமலைக்கும் பொருந்தும். தீவில் அழிந்ததற்கு ஈடாக வெளியிலிருந்து எதுவும் பறந்து வந்து சேராது. எஞ்சியிருக்கும் ஓடைக் காடுகளையும் கோயிற் காடுகளையும் மிளகுக்காகவோ மரவள்ளிக்காகவோ மேலும் குறைக்காமல் காப்பது தேவனூர் நாட்டாரின் கடமை. அவர்களுக்கு அதனால் நஷ்டம் நேராதபடி துணை நிற்பது சர்க்காரின் கடமை. மலையின் பயனைத் துய்ப்பவர்கள் சமவெளியிலும் இருக்கையில், அதைக் காக்கும் பாரத்தை மலை மக்களின் தலையில் மட்டும் ஏற்றுவது தர்மமன்று என்பதை நாம் வற்புறுத்திக் கூற விரும்புகிறோம்.