மும்பை மாநகராட்சி மாளிகை

மும்பையில் வாழும் தமிழன்பர்கள் அனைவரும் அறிந்த இடம், முன்னாளில் விக்டோரியா டெர்மினஸ் என வழங்கிய ரயில் நிலையம். பிழைப்பை நாடி வந்தவர்களில் எத்தனையோ பேர் இந்நகரின் மண்ணில் முதன்முதல் கால் வைத்தது அங்கேதான். நிலையத்தின் அழகில் மனத்தைப் பறிகொடுப்பவர்கள், அதற்கு எதிரே நிற்கும் மாநகராட்சி மாளிகையை நின்று நோக்குவது அரிது. இரண்டையும் அமைத்த சிற்பி ஒருவரே, அவர் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ்.

மாளிகைக்கு 1884 டிசம்பரில் அடிக்கல் நாட்டியவர் ரிப்பன் பிரபு. 1882-இல் தலசுய ஆட்சித் தீர்மானத்தை வெளியிட்டவர் அவரே. ஆதலின் இது ஆளுநருக்காக எழுந்த அரண்மனையன்று. வரி செலுத்தும் மக்களின் பிரதிநிதிகள் கூடுவதற்கென எழுந்த மன்றம். 1893-இல் வேலை முடிவுற்றது. செலவான தொகை ஏறத்தாழ 11 லட்சம் ரூபாய். இது அனுமதிக்கப்பட்ட மதிப்பீட்டுக்குள் அடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது!

இந்திய நகரம் ஒன்றன் மன்றம் எந்தப் பாணியில் அமைதல் வேண்டும்? இக்கேள்விக்கு இரு விடைகள் போட்டியிட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை அமைத்த சிஸோம், இந்திய-சாரசெனிக் பாணியில் ஒரு வரைபடம் அளித்தார். ஸ்டீவன்ஸ் அளித்தது காத்திக் பாணி. முடிவில் ஸ்டீவன்ஸின் வரைபடமே ஏற்கப்பட்டது.

காத்திக் பாணியின் உயிர்நிலை கூர்வளைவு. அரைவட்ட வளைவு, தன்மீது ஏறும் பாரத்தைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். கூர்வளைவோ அதைப் பெரிதும் கீழ்நோக்கியே செலுத்தும். அதனால் தூண்கள் மெலியலாம், சாளரங்கள் உயரலாம். குளிர்நாட்டில் வெளிச்சத்தை வரவேற்கப் பிறந்த இவ்வமைப்பு, வெப்பநாட்டில் வேறொரு தொண்டும் செய்தது. வளைவுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் பின்னே தாழ்வாரங்களை அமைத்தால், வெயிலும் மழைச்சாரலும் அறைகளுக்குள் நேரே புகுவதில்லை; காற்று மட்டும் தடையின்றி உலவும்.

ஆயினும் ஸ்டீவன்ஸ் காத்திக் பாணியோடு நின்றுவிடவில்லை. கோபுரத்தின் மேல் அவர் அமைத்தது ஐரோப்பியக் கூம்பு அன்று. கீழ்த்திசைக்குரிய உருண்டு திரண்ட குவிமாடம். போட்டியில் சிஸோம் தோற்றார். அவர் போற்றிய கொள்கை முற்றும் தோற்கவில்லை எனலாம்.

மனை இரு சாலைகள் பிரியும் கவைக்கு நடுவே அமைந்தது. இக்குறையையே ஸ்டீவன்ஸ் நிறையாக்கினார். சாலைகள் சந்திக்கும் முனையில் 200 அடிக்கு மேல் ஓங்கும் கோபுரத்தை நிறுத்தி, அதன் இருபுறமும் கட்டடத்தைச் சிறகுகள்போல் விரித்தார். முகப்பின் உச்சியில் சிறகுடைய பெண்ணுருவம் ஒன்று நிற்கின்றது. அது மகாராணியின் உருவமன்று. ‘இந்தியாவின் முதன்மை நகர்’ என்ற பெருமிதத்துடன் நகரமே கொண்ட உருவம். கீழே, நகராட்சி உரிமைகளுக்காக உழைத்த சர் பிரோஸ்ஷா மேத்தாவின் சிலை நிற்கின்றது.

2021 முதல் பொதுமக்கள் வழிகாட்டியுடன் உள்ளே சென்று காணவும் ஏற்பாடு செய்யப்பட்டது. சென்னை ரிப்பன் மாளிகையை அறிந்த நம்மவர்க்கு இதுவும் அயலார் வீடன்று. அதே ரிப்பன் பிரபுவின் கை தொட்ட கல் இதன் அடியில் இருக்கின்றது. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் வரி கொடுத்து வாழும் ஊரின் மன்றம், எங்கிருந்து வந்தவர்க்கும் தம் மன்றமே. அடுத்தமுறை நிலையத்திலிருந்து வெளிவருகையில், சற்றே நின்று நிமிர்ந்து நோக்குங்கள்.