தசை இழுப்பதும் விடுவதும்

வயலில் வரப்பு வெட்டுபவர் மண்வெட்டியை ஓங்கும்போது மேற்கையின் தசை திரண்டு புடைக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் புரத இழைகளில் ஒன்றுகூடக் குட்டையாவதில்லை. மயோசின் என்ற தடித்த இழைகளுக்கு நடுவே ஆக்டின் என்ற மெல்லிய இழைகள் சறுக்கி நுழைகின்றன, அவ்வளவுதான். 1954இல் 'நேச்சர்' இதழில் இரு குழுக்கள் இதை ஒரே சமயத்தில் வெளியிட்டன: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபக்கம். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர்.

நரம்பிலிருந்து ஆணை வந்ததும் தசைச் செல்லின் உள்ளறைகளிலிருந்து கால்சியம் கொட்டுகிறது. அது ஆக்டின்மேல் இருக்கும் மறைப்பை விலக்க, மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றுகின்றன, மடங்கி இழுக்கின்றன, விடுகின்றன, சற்றுத் தள்ளி மறுபடி பற்றுகின்றன. கிணற்றில் வாளி இழுப்பவர் கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றைப் பிடிப்பதைப் போலத்தான். ஒரு இழுப்பில் நகர்வது சுமார் 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு! ஆனால் ஒரு தடித்த இழையில் மட்டும் நூற்றுக்கணக்கான தலைகள். ஒரு சென்டிமீட்டர் தசைநாரில், இப்படித் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் சேர்ந்த அலகுகள் சுமார் 4,000 வரிசையாக நிற்கின்றன. எல்லாம் கூடித்தான் மண்வெட்டி மேலே போகிறது.

எனக்குப் பெரிய வியப்பு, பிடியை விடுவதற்கும் ஆற்றல் வேண்டும் என்பது. ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் தலை ஆக்டினை விடும். இறந்தபின் ஏடிபி தீர்ந்துபோக, பற்றிய தலைகள் பற்றியபடியே நிற்கின்றன, உடல் விறைக்கிறது. வெயில் காலத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இறந்தவரின் தாடையையும் கால் கட்டைவிரல்களையும் நம் பெரியவர்கள் தாமதிக்காமல் கட்டிவிடுவது அந்த விறைப்பு வருமுன் உடலை ஒழுங்கு செய்யத்தான்.

ஏடிபியைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும் 1929இல் ஏடிபியையும் பிரித்தறிந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமானும் ஏடிபியைத் தனியே கண்டறிந்தார்.

தசையில் இருப்பிலுள்ள ஏடிபி கடும் உழைப்பில் சில நொடிகளுக்கே தாங்கும். உடனே ஈடுகட்டுவது பாஸ்போகிரியேட்டின். அதுவும் பத்து நொடி அளவில் பெரும்பாலும் கரைந்துவிடும். வேலை செய்தால் அது குறைகிறது, ஓய்வில் திரும்ப ஏறுகிறது என்பதை சுப்பாராவ் குழு அன்றே கண்டது. நெல் மூட்டை ஏற்றுபவர் ஒரு மூட்டையை லாரியில் போட்டுவிட்டு அரை நிமிடம் மூச்சு வாங்கி நின்றால், அதற்குள்ளேயே கரைந்த இருப்பில் கணிசமான பங்கு மீண்டும் சேர்ந்துவிடுகிறது.