எழுந்தேன், எழுப்பினேன்: மூணாறுத் தமிழும் பிரெஞ்சு வினையும்

பிரான்சுக்கு வந்த புதிதில், ஒரு சின்னஞ்சிறு சொல்லை விட்டுவிட்டதால் நான் மோசடிக்காரியாகப் பார்க்கப்பட்டேன். இன்று சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

நான் பிறந்தது 1969-ல், மூணாறுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அப்போது தேவிகுளம் தாலுகா கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. இடுக்கி மாவட்டம் உருவானது 1972 ஜனவரி 26-ல்தான். அதனால் என் பிறப்புச் சான்றிதழில் கோட்டயம், பாஸ்போர்ட்டில் இடுக்கி. 1962-ல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த ஒரு புதுச்சேரிக் குடும்பத்துக்கு மருமகளாகி, 1993-ல் இங்கே வந்து சேர்ந்தேன்.

ஓர் அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் ஓரிடத்தில் கோட்டயம், இன்னோரிடத்தில் இடுக்கி என்று எழுதியிருந்தேன். எது சரி என்று அதிகாரி அம்மையார் கேட்டார். மாவட்டம் பிரிந்த கதையைச் சொல்ல என் பிரெஞ்சு போதாது. "தப்பாக எழுதிவிட்டேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்து, "ஜே துரோம்பே" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சொன்னதற்குப் பொருள் "ஏமாற்றினேன்"! "ஜெ மெ ஸுயி துரோம்பே" என்று சொல்லியிருந்தால் "தவறு செய்துவிட்டேன்" என்று ஆகியிருக்கும். என் கணவர் வந்து விளக்கிய பிறகுதான் அவர் மறுபடி பேனாவை எடுத்தார்.

அந்த 'மெ' ஏன் வருகிறது? மாலை வகுப்பில் கேட்டேன். "செய்கிறவர் தன்மீதே செய்தால் வரும். ஸெ லாவே என்றால் தன்னைத்தானே கழுவுதல்" என்றார்கள். கழுவுவது சரி. ஆனால் காலையில் எழும்போது நான் என்னையே தூக்கி நிறுத்துகிறேனா? பேருந்து தன்னைத்தானே நிறுத்துகிறதா? பல வாரங்கள் குழம்பினேன்.

ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது மூணாறுப் பள்ளியின் கரும்பலகை நினைவுக்கு வந்தது. தமிழ் வழியில் படித்தவள் நான். எங்கள் தமிழாசிரியர் இரண்டு வரிசையாக எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்வார். திருந்தினான், திருத்தினான். உருண்டான், உருட்டினான். முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. அடடா, இதைத்தானே பிரெஞ்சுக்காரர்களும் செய்கிறார்கள்! நாம் வினையின் உருவத்தையே மாற்றுகிறோம். அவர்கள் முன்னால் ஒரு 'ஸெ' வைக்கிறார்கள். 'அரெத்தே' நிறுத்து, 'ஸரெத்தே' நில். 'ரெவெய்யே' எழுப்பு, 'ஸெ ரெவெய்யே' விழி. 'காஷே' ஒளித்துவை, 'ஸெ காஷே' ஒளிந்துகொள். 'துரோம்பே' ஏமாற்று, 'ஸெ துரோம்பே' தானே ஏமாறு, அதாவது தவறு செய்.

இன்னொரு திறவுகோல் நம்முடைய 'கொள்'. 'கையைக் கழுவிக்கொண்டேன்' என்கிறோம். 'என் கையை' என்று சொல்வதில்லை. பிரெஞ்சிலும் அப்படியே. 'ஜெ மெ ஸுயி லாவே லே மேன்' என்பதில் 'என்' கிடையாது, 'மெ' போதும். 'அவர்கள் பேசிக்கொள்கிறார்கள்' என்று ஒருவருக்கொருவர் செய்வதற்கும் நமக்குக் 'கொள்'தான். அவர்களுக்கும் 'இல் ஸெ பார்ல்' என்று அதே 'ஸெ'தான்.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது. குளித்தேன் என்பதில் நமக்குக் 'கொள்' இல்லை. அவர்களுக்கு 'ஸெ தூஷே'. நினைவுகூர்வதற்கு 'ஸெ ஸூவெனீர்' என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். இரண்டு விஷயங்களை மட்டும் மறக்கக்கூடாது. ஒன்று, ஆளுக்கு ஆள் சொல் மாறும்: ஜெ மெ லேவ், து தெ லேவ், இல் ஸெ லேவ், நூ நூ லெவோன், வூ வூ லெவே. அகராதியில் 'ஸெ லெவே' என்று இருப்பதைப் பார்த்து 'ஜெ ஸெ லேவ்' என்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. இரண்டாவது, இறந்தகாலத்தில் 'ஜே' போய் 'ஜெ மெ ஸுயி' வரும். என்னை மாட்டிவிட்டது இதுதான்.

சென்ற கோடையில் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் போலவே இதுவும் கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவள் தங்கை மகள். இங்கே வாழ்க்கைப்பட இருக்கிறாள். 2024-ல் வந்த சட்டப்படி, 2026 ஜனவரி முதல் பல்லாண்டு வதிவு அட்டைக்குப் பொதுவாக ஏ2 நிலை, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 வேண்டும். எனவே இப்போதே நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியம்மா, லெவேக்கும் ஸெ லெவேக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒன்று பிறவினை, மற்றது தன்வினை" என்றேன் பெருமையாக. அவள் திருதிருவென்று விழித்தாள். அந்தச் சொற்களை அவள் கேட்டதே இல்லை.

திண்ணையில் இருந்த என் அம்மா குறுக்கிட்டார். ஆயுளில் பாதியைக் கொழுந்து பறித்துக் கழித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. "காலைல நான் எந்திரிச்சேன். அப்புறம் உன்னைய எழுப்புனேன். ரெண்டும் ஒண்ணாடி?" என்றார்.

"இல்ல அம்மாச்சி."

"மழைல நான் நனைஞ்சேன். துணியை நனைச்சேன். ரெண்டும் ஒண்ணா?"

அவள் மளமளவென்று எழுதத் தொடங்கினாள். அரை மணியில் இரண்டு வரிசை நிறைந்தது.

அவளிடம் ஒன்றைக் கவனித்தேன். 'வந்தேன்' என்றாலே தமிழில் ஆள் தெரிந்துவிடுவதால் நான் 'ஜெ' சொல்ல மறப்பேன். மலையாளத்தில் 'ஞான் வந்நு, அவள் வந்நு' என்று வினை மாறாது. அதனால் அவள் 'ஜெ'யை விடவே மாட்டாள். வினையின் விகுதியில்தான் தடுமாறுகிறாள். எல்லைக்காரர்களுக்கு இரண்டு பக்கத்துச் சரக்கும் கையில் இருக்கிறது. ஆனால் அவளுக்குத் தமிழின் பெயர்ப்பலகைகள் கிடைக்கவில்லை. பேச்சு மட்டும் பாட்டியிடமிருந்து மிஞ்சியிருக்கிறது. அந்தப் பேச்சும் இல்லாவிட்டால் அன்று நான் எதைக் காட்டி விளக்கியிருப்பேன்?

திரும்பி வந்ததும் இங்கே பிறந்த என் மகன் சொன்னான்: "அம்மா, இன்று ஆறு மணிக்கே நான் என்னை எழுப்பினேன்." பிரெஞ்சை அப்படியே தமிழாக்கிவிட்டான்! கோபிக்கவில்லை. அம்மாவின் இரண்டு வரிசையை அவனுக்கும் எழுதிக்கொடுத்தேன், இம்முறை வலமிருந்து இடமாக.

பெற்றோர்களே, தமிழ் பேசினால் பிள்ளைகளின் பிரெஞ்சு கெடும் என்று சிலர் இன்னும் அஞ்சுகிறீர்கள். என் அனுபவத்தில் பிரெஞ்சுக்கு வழிகாட்டியது தமிழ்தான். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது பிள்ளைகளையும் பாட்டியிடம் பேசவிடுங்கள்.